ஓவியம் படிப்பவர் ஒரே ஊடகத்தோடு நின்றுவிட வேண்டுமா?

கேள்வி: ஆகஸ்ட் 3, இரவு 9.40

எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருக்கிறேன். வீடு தண்டையார்பேட்டை. பள்ளியிலிருந்தே நீர்வண்ணம் நன்றாக வருகிறது. ஒன்றைப் பிடித்து அதிலேயே ஊறினால்தான் தேற முடியும், பலவற்றைத் தொட்டால் எல்லாமே அரைகுறையாகிவிடும் என்பது என் கருத்து. நான்கு ஆண்டுகளும் நீர்வண்ணத்திலேயே இருக்கப் போகிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

ஆகஸ்ட் 3, இரவு 11.20

மறுக்கிறேன். நான் இறுதியாண்டு மாணவி, காசிமேடு.

நீர்வண்ணம் எங்கும் போய்விடாது. ஒரு பெட்டி, இரண்டு தூரிகை, ஒரு டம்ளர் தண்ணீர் போதும். நாற்பது வயதிலும் மொட்டை மாடியில் உட்கார்ந்து தீட்டலாம். உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுக்கும் எட்சிங்குக்கான எந்திரமும் அமிலத் தொட்டியும், சுடுமண்ணுக்கான சூளையும் அப்படியல்ல. படிப்பு முடிந்த மறுநாளே அவை நம் கைக்கு எட்டாமல் போய்விடும். ஓர் அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டில் அச்சு எந்திரத்தை எங்கே இறக்கி வைப்பது? நம் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டுக்குள் அடங்காத ஊடகங்களைத்தான் கல்லூரியில் முதலில் தொட வேண்டும். வீட்டுக்குள் அடங்குவது காத்திருக்கும்.

மனப்போக்குக்கு ஏற்ற ஊடகம் தானே வந்து அமையும் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் பார்த்தவரை அதைத் தீர்மானிப்பவை அறையின் அளவு, காயும் நேரம், வாடை, பஸ்ஸில் ஏற்ற முடிகிற பலகையின் அகலம். இவற்றை யாரும் வகுப்பில் பேசுவதில்லை. பேச வேண்டும்.

ஆகஸ்ட் 4, காலை 6.50

இரவு எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. ‘அரைகுறை’ என்ற அச்சம் எங்கிருந்து வருகிறதென்றால், ஒவ்வொரு ஊடகத்தையும் தனித்தனிப் பெட்டியாக நினைப்பதிலிருந்து வருகிறது. என் கோடு எங்கே தேறியது என்று கேட்டால் வகுப்பறையைச் சொல்ல மாட்டேன். படகு மேல்தான்.

என் சித்தப்பா விசைப்படகுகளுக்கு வண்ணம் பூசுபவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போதுதான் படகுகள் கரையேறும், பழுது பார்ப்பார்கள், வண்ணம் பூசுவார்கள். பழைய பூச்சைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பட்டி வைத்து, பிரைமர் அடித்து, மறுபடியும் உப்புத்தாள் போட்டு, அதன் பிறகே எனாமல். அந்த வெயிலில் எனாமலின் ஓரம் சீக்கிரம் இறுகிவிடும். படகின் நீளத்துக்கு ஓடும் பட்டைக்கோட்டை நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடம் கடைசிவரை தெரியும். மணிக்கட்டை அசைத்து அந்தக் கோட்டைப் போட முடியாது. தோளிலிருந்து கை வர வேண்டும், கோட்டோடு கால்களும் நடக்க வேண்டும். சித்தப்பா சாரத்தின் மேல் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போடுவார். பிரைமர் வேலை முழுவதையும் என்னிடம் விட்டுவிட்டுக் கோட்டை மட்டும் தானே வைத்துக்கொள்வார். கேட்டால், “படகுக்காரர் உன் மதிப்பெண்ணைப் பார்க்க மாட்டார், கோட்டைத்தான் பார்ப்பார்” என்று சிரிப்பார்.

அடுத்த பருவத்தில் ஆளுயரத் தாளில் கரியால் உருவம் வரையச் சொன்னார்கள். பலர் மணிக்கட்டால் கீறிக்கொண்டிருந்தார்கள். என் கை தோளிலிருந்து போயிற்று. எனாமல் கரிக்குக் கற்றுக்கொடுத்தது. இது அரைகுறையா?

ஆகஸ்ட் 4, மாலை 5.10

படகுக்கு வண்ணம் அடிப்பது கைத்தொழில், அதைக் கலையோடு சேர்க்காதீர்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

நாம் படிக்கும் கல்லூரியே 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் கலையையும் தொழிலையும் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கிய பள்ளிதான். பின்னாளில் அதன் முதல்வராக இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி ஓவியரும் சிற்பியும் ஆவார். மெரினாவில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவருடையது. அங்கே கற்பித்த எஸ். தனபால் ஓவியராகத் தொடங்கிச் சிற்பத்துக்குப் போனவர். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது, மெழுகு தடவிச் சாயமேற்றும் பத்திக் துணியும் மற்ற கைவினைப் பொருள்களும் விற்ற பணத்தில்தான் ஓவியர்கள் அந்த நிலத்தை வாங்கினார்கள். கைத்தொழிலைக் கழித்துவிட்டால் சென்னையின் நவீன ஓவிய வரலாற்றில் மிச்சம் குறைவு.

ஆகஸ்ட் 4, இரவு 10.05

ஓவியர் ஆதிமூலம் கோட்டையே பிடித்துக்கொண்டு நின்றவர்தானே என்று அடுத்த கேள்வி. 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கோட்டோவியங்களைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றும். பிற்காலத்தில் அவர் தீட்டிய பெரிய எண்ணெய் வண்ண அரூப ஓவியங்களில் கோடு அநேகமாக இல்லை, வண்ணத் திட்டுகளே நிற்கின்றன. இரண்டும் ஒரே கைதான்.

ஆகஸ்ட் 11, பிற்பகல் 3.30

லினோலியம் தகட்டில் செதுக்கி அச்செடுக்கும் லினோ பற்றிக் கேட்டவருக்கு. இதை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் நீர்வண்ணக்காரர் ஒருவர் தவறவிடக் கூடாதது இதுதான்.

லினோலியம் ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்த்துச் செய்வது. குளிர் நாடுகளில் அதைச் சூடாக்கி இளக வைத்துச் செதுக்குவார்கள். நமக்கு அந்த வேலையே இல்லை. ஆகஸ்டு வெயிலில் சிறிது நேரம் வைத்தால் உளி தடையில்லாமல் ஓடும். எந்திரமும் கட்டாயமில்லை. மைபூசிய தகட்டின் மேல் மெல்லிய தாளை வைத்து மரக்கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தாலே படம் இறங்கிவிடும்.

கடினம் எங்கே இருக்கிறது? செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. எங்கள் தெருவில் வலை பின்னுகிறவர்களை வரைய எடுத்துக்கொண்டேன். நீர்வண்ணத்தில் வலையைச் சாம்பல் நிறத்தில் பரப்பி, மேலே சில கோடுகள் போட்டால் பார்ப்பவர் ஏற்றுக்கொள்வார். லினோ அந்தச் சலுகையைத் தராது. வலை என்பது நூலா, கண்ணா? நூல் கறுப்பாக வர வேண்டுமென்றால் ஒவ்வொரு கண்ணையும் தோண்டி எடுக்க வேண்டும். நூல் வெள்ளையாக வேண்டுமென்றால் நூலைச் செதுக்க வேண்டும், அப்போது கண்களெல்லாம் கறுத்துவிடும். முதல் வகையில் வலை வெயிலில் காய்கிறது. இரண்டாவது வகையில் அதே வலை இரவில் தண்ணீருக்குள் கிடக்கிறது. ஒரே வலைதான், வெளிச்சம் மட்டும் இடம் மாறியிருக்கிறது. அதைக் கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அதன் பின் நீர்வண்ணத்துக்குத் திரும்பினேன். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாளின் வெள்ளைதானே. அதை எங்கே தொடாமல் விடுவது என்பதை முன்பு தீட்டிக்கொண்டே தேடுவேன். இப்போது முதல் தூரிகைக்கு முன்பே தெரிகிறது. ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை வாலாஜா வரை போடப்பட்டபோது எழுந்த கட்டடம் அது. காலை வெயில் அந்தத் தூண்களில் ஒரு பக்கம் மட்டும் விழும். அந்தப் பக்கத்தை வெறுந்தாளாக விட்டேன். கட்டடம் எழுந்து நின்றது. நீர்வண்ணத்தில் எத்தனை காலம் ஊறியிருந்தாலும் இது எனக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆகஸ்ட் 11, இரவு 8.15

எழுத்துகள் வரும் படமென்றால் லினோவில் இடவலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவதுபோல் செதுக்க வேண்டும். டிரேசிங் தாளில் எழுதித் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 20, இரவு 9.55

எண்ணெய் வண்ணத்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று மூன்றாமாண்டு மாணவி ஒருவர் கேட்கிறார்.

எங்கள் வீட்டில் வைப்பதில்லை. தம்பிக்கு இளைப்பு உண்டு, டர்பன்டைன் வாடை ஆகாது. அதைவிட முக்கியமானது ஒன்று. ஆளி விதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அப்போது சூடு பிறக்கும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்தச் சூடு உள்ளேயே தங்கித் துணி தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வையுங்கள். நெருக்கமான வீடுகளில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மறந்துவிடக் கூடாது.

அக்ரிலிக்கில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் நம் மே மாதத்தில் தட்டிலேயே தோலாகிவிடும். தட்டின் அடியில் ஈரத்துணி விரித்து மேலே டிரேசிங் தாள் போட்டு வைத்தால் சற்றுத் தாங்கும். எண்ணெயோ மழைக்காலத்தில் பல நாள் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதில் மெல்லிய பூச்சு முதலில், எண்ணெய் கூடிய பூச்சு பிறகு. மாற்றினால் மேற்பரப்பு வெடிக்கும். பிரைமர் சரியில்லாவிட்டால் எனாமல் உரியும் என்று சித்தப்பா சொல்லியிருந்ததால், இதன் காரணத்தை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 31, காலை 11.00

நேற்று கொசப்பேட்டைக்குப் போனேன். விநாயகர் சதுர்த்தி நெருங்குகிறது, தெருவெங்கும் களிமண் உருவங்கள் காய்ந்துகொண்டிருந்தன. நான் சுடுமண் வேலையில் வலையைப் பதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிசைந்த மண்ணைப் பலகையாகத் தட்டி, கிழிந்த வலைத்துண்டை மேலே வைத்து உருளையால் அழுத்தி எடுத்தால் ஒவ்வொரு முடிச்சும் பதியும். அங்கே ஓர் அம்மா என் பலகையைக் கையில் வாங்கி, ஓரத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, “இன்னும் குளிர்கிறது, சூளையில் வைக்காதே” என்றார். உள்ளே ஈரம் இருந்தால் மண் குளிர்ச்சியாகத் தெரியும். அந்த ஈரம் சூளையில் நீராவியாகி வெளியேற வழியில்லாமல் உருவத்தை உடைக்கும். கல்லூரியில் சொல்லித்தரும் அதே செய்தியைத்தான் அவர் கன்னத்தால் சொன்னார். எனக்கு இனி மறக்காது.

செப்டம்பர் 2, இரவு 7.40

எண்ணூர்ப் பகுதி அனல்மின் நிலையங்களின் சாம்பலை வண்ணப்பொடியாகப் பயன்படுத்தலாமா என்று கேட்டவருக்கு: அந்த ஊரைப் பற்றிய படத்தில் அந்த ஊரின் சாம்பலே இருக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணம் எனக்குப் புரிகிறது, மதிக்கிறேன். ஆனால் அது மிக நுண்ணிய தூள். சிலிக்காவோடு ஆர்செனிக், ஈயம் போன்றவையும் சிறிய அளவில் இருக்கும். உலர்ந்த நிலையில் வீட்டுக்குள் சலிக்காதீர்கள், ஊதாதீர்கள். கொசஸ்தலை ஆற்றங்கரை மக்கள் அதைத்தான் சுவாசிக்கிறார்கள் என்பதைச் சொல்ல, நாமும் சுவாசிக்க வேண்டியதில்லை. கரியில் வரையுங்கள். புளியங்குச்சிகளைச் சிறு துளையிட்ட தகர டப்பாவில் மூடி நெருப்பில் வைத்து, புகை நின்றதும் எடுத்து ஆறவிட்டால் நல்ல கரி கிடைக்கும்.

செப்டம்பர் 15, பிற்பகல் 2.20

முதல் குறிப்பைத் திரும்பப் படித்தேன். வீட்டுக்குள் அடங்காததை முதலில் தொடுங்கள் என்று எழுதியிருந்தேன். அதில் இன்னும் நிற்கிறேன். ஆனாலும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. புளியங்கரியைப் பற்றி எழுதியபோதுதான் நினைவுக்கு வந்தது.

காளஹஸ்தியில் கலம்காரி, அதாவது எழுதுகோலால் துணியில் தீட்டும் ஓவியம், செய்பவர்கள் முதல் கோட்டைப் புளியங்கரியால்தான் இழுப்பார்கள். நான் இந்த ஆண்டு அதைக் கையில் எடுத்தேன். பருத்தித் துணியின் கஞ்சியை நன்றாக அலசி எடுத்து, கடுக்காய்ப் பொடி கலந்த பாலில் நனைத்துக் காயப்போட வேண்டும். பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். எருமைப் பால் நல்லது. கறுப்பு மைக்குத் துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் தண்ணீரும். இரண்டு மூன்று வாரம் மூடி ஊறவைத்தால் புளித்து நிற்கும். வடிகட்டி, மூங்கில் குச்சியில் துணி சுற்றிக் கட்டிய எழுதுகோலால் தொட்டு எழுதினால், முதலில் வெளிறித் தெரியும் கோடு கண்ணெதிரே கறுக்கும். இரும்பும் கடுக்காயின் துவர்ப்பும் சேர்வதால் வரும் கறுப்பு அது.

துருப்பிடித்த இரும்புக்கு காசிமேட்டில் பஞ்சமா? உப்புக்காற்று எங்கள் கதவுத் தாழ்ப்பாளைக்கூட விட்டு வைப்பதில்லை. உடைந்த படகு ஆணிகளைப் பொறுக்கி வந்து வெல்லத்தில் போட்டேன். என் துணியில் இருக்கும் கறுப்பு இந்தத் துறைமுகத்தின் கறுப்பு. இதை எழுதும்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அதோடு இன்னொன்று. இந்த ஊரின் பழைய ஊடகமே துணிதான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் துணி வெளுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. ஜோசப் காலெட் கவர்னராக இருந்த காலத்தில் நெசவாளர்களுக்காக ஏற்படுத்தியது காலடிப்பேட்டை. சோழமண்டலக் கரையின் மணல் நிலத்தில் விளைந்த இம்பூறல் வேரிலிருந்து சிவப்பு எடுத்தார்கள், அவுரியிலிருந்து நீலம் எடுத்தார்கள். வண்ணம் தீட்டிய இந்தக் கரையின் துணிகள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் வீடுகளில் தொங்கின. வடசென்னையில் பிறந்து ஓவியம் படிக்கும் ஒருவருக்கு கான்வாஸும் எண்ணெயும் அறிமுகமாகும் அளவுக்கு இது அறிமுகமாகாதது எனக்கு வருத்தம் தருகிறது.

துணியைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டமான பஸ்ஸிலும் ஏறலாம். இதையும் கணக்கில் சேருங்கள்.

செப்டம்பர் 15, இரவு 10.30

ஒரு குறை இருக்கிறது. இரும்புக் கறுப்பு காலப்போக்கில் நூலை அரிக்கும். பழைய கலம்காரித் துணிகள் பலவற்றில் கறுப்புக் கோடு ஓடிய இடத்தில் இழை இற்றுப்போயிருக்கிறது. விற்கும் வேலையில் பயன்படுத்துவதாக இருந்தால், வாங்குபவரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று கருதுகிறேன். 

செப்டம்பர் 28, மாலை 6.00

கைபேசியில் வரைவதும் ஊடகம்தானே என்று கேட்டிருக்கிறார்கள். ஊடகம்தான். காசு செலவில்லை, இடம் வேண்டாம், பஸ்ஸிலும் வரையலாம். மீன் ஏலக் கூட்டத்தில் தாளை விரிக்க முடியாத இடத்தில் நானும் கைபேசியில்தான் குறித்துக்கொள்கிறேன். அதில் போட்ட கோட்டை அழித்தால் சுவடு இருக்காது. கரியை அழித்தால் சுவடு இருக்கும், நான் அந்தச் சுவட்டின் மேல் அடுத்த கோட்டைப் போடுகிறேன். எனக்கு அது வேண்டும். உங்களுக்கு வேண்டாமென்றால் கைபேசியிலேயே செய்யுங்கள்.

அக்டோபர் 19, இரவு 9.10

கேள்வி கேட்டவர் நேற்று எழுதியிருந்தார், எட்சிங் பட்டறைக்குப் பெயர் கொடுத்துவிட்டாராம். தம்பி, மிகவும் மகிழ்ச்சி.

ஒரு திருத்தம் மட்டும். “நீர்வண்ணத்தை விட்டுவிட்டேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. விடாதீர்கள். தினமும் ஒரு தாளாவது தீட்டுங்கள். ஒன்றிலேயே ஊற வேண்டும் என்று நீங்கள் முதலில் சொன்னதில் ‘ஊற வேண்டும்’ என்ற பாதி சரியானது. அந்தப் பாதியை நான் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. போன வாரம் கலம்காரிக் கோலைப் பிடித்தபோது கை தயங்காமல் போனது, தினமும் தீட்டுவதை விடாமல் செய்ததால்தான். ஊடகம் மாறலாம், தினமும் கை வேலை செய்ய வேண்டும் என்பது மாறாது.

அக்டோபர் 20, காலை 7.30

பட்டறைக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை.

துத்தநாகத் தகட்டை வாங்கிய அன்றே செய்தித்தாளில் சுற்றி பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். நம் வீட்டுக் காற்றில் திறந்து வைத்தால் புள்ளி புள்ளியாக வெளுத்துவிடும், அந்தப் புள்ளிகள் எல்லாம் அச்சில் வரும். தகட்டின் ஓரங்களைச் சாய்வாக அரமிட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எந்திரத்தில் தாள் கிழியும். அமிலத்தில் இருக்கும்போது தகட்டின் மேல் குமிழ்கள் எழும். குமிழ் தங்கிய இடத்தில் அமிலம் அரிக்காது, ஆகவே இறகால் மெல்லத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கோழி இறகு போதும். முகத்தைத் தொட்டியின் மேல் கொண்டு போகாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், பயிற்றுநர் இல்லாதபோது அமிலத்தைத் தொடாதீர்கள்.

அமிலம் படாமல் தகட்டைக் காக்கப் பூசும் கடினமான மெழுகுப் பூச்சோடு, கொழுப்புக் கலந்த மென்பூச்சும் ஒன்று உண்டு. கேட்டு வாங்குங்கள். அதன் மேல் எந்தப் பொருளை வைத்து எந்திரத்தில் லேசாக அழுத்தினாலும் அதன் பதிவு பூச்சில் இறங்கும், அந்த இடங்களை மட்டும் அமிலம் அரிக்கும். லினோவில் நான் கண் கண்ணாகத் தோண்டிய வலை, மண்ணில் முடிச்சு முடிச்சாகப் பதித்த வலை, இதில் நூலின் முறுக்கு வரைக்கும் வருகிறது. தடித்த முடிச்சுள்ள பழைய வலை வேண்டாம், பூச்சைக் கிழித்துவிடும். மெல்லிய நைலான் வலை நல்லது. எங்கள் தெருவில் கிழிந்த துண்டுகள் நிறையக் கிடக்கின்றன. சோப்புத் தண்ணீரில் அலசி, உப்புப் போகக் காயவைத்து, திங்கட்கிழமை உங்களுக்கும் ஒரு துண்டு எடுத்து வருகிறேன்.